உப்புப் பூத்த சுவர்

மெரெரித் முதலில் காட்டியது நாட்காட்டியை.
சமையலறைக் கதவின் பின்னால்
ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில் ஓர் எண்:
இரண்டே கால். இரண்டு. மூன்று, அன்று புயல்.
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியைக்
காலையில் கவிழ்க்கும்போது அளந்த லிட்டர்கள்.
"நவம்பர்ல மட்டும் எழுபத்தொண்ணு" என்றாள்
பால் கணக்குச் சொல்பவளைப் போல.

வேல்ஸின் வடக்கே, ஸ்லேட் வெட்டித் தீர்ந்த மலையடியில்
நூற்றைம்பது வயதுக் கல்வீடு.
மழை வாடகை தராமல் குடியிருக்கும் ஊர்.

எனக்கு முன் மூன்று பேர் வந்துபோயிருந்தார்கள்.
ஒருவர் பூஞ்சணம் கொல்லும் பெயிண்ட் அடித்தார்.
பூஞ்சணம் பெயிண்டைத் தின்றது.
இன்னொருவர் மீட்டரின் ஊசிகளைச் சுவரில் குத்த
அது வீலென்று கத்தியது, அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.
வரிசையாகத் துளை போட்டு மருந்தேற்றி
இருபது வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார்.
அந்தத் தாளும் அலமாரிக்குள் நமுத்துக் கிடக்கிறது.
மூன்றாமவர் சிமென்ட்.
அவரைப் பற்றிப் பேச வாய் கூசுகிறது.
கல்லுக்கு மழைக்கோட்டு மாட்டி
உள்ளே வேர்க்கவிட்டுப் போனவர்.

நான் சுண்ணாம்புக்காரன்.
உளியின் பிடியால் தட்டினேன்.
பொருமிய இடம் காலிப் பெட்டியாய்ப் பேசியது.
காரை பெயர்ந்து விழ, பின்னால்
பஞ்சு பஞ்சாக உப்புப் பூத்திருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன், தொழில் பழக்கம்.
அவள் முகம் சுளித்தாள்.
பிறகு தானும் ஒரு விரல் எடுத்தாள்.

கூரை சரி. குழாய் சரி. புகைபோக்கி சரி.
ஒரே ஒரு சுவர், மேற்குச் சுவர்.
இடுப்புயரம்வரை ஏறி
கோடு போட்டதுபோல் நின்றிருந்தது ஓதம்.
"எப்பலேர்ந்து?"
"பத்து வருஷமா. அப்ப கொரொன்வி இருந்தார்.
தினம் காலையில துண்டு வச்சுத் துடைப்பார்."

வெளியே போனோம்.
மேற்குச் சுவரை ஒட்டி, ஸ்லேட் துண்டுகளால் வரம்பு கட்டி,
இடுப்பளவு மண் கொட்டி, ஒரு பூப்பாத்தி.
ஹைட்ரேஞ்சியா. இந்தப் புளித்த மண்ணில்
நீலமாகத்தான் வரும்.
வானம் தந்ததையெல்லாம் வாங்கி வாங்கி
சுவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது மண்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல
ஒரு கோப்பைத் தேநீர் ஆறிப்போகும் நேரம் பிடித்தது.

"அவர் கட்டினது" என்றாள்.
"நான் இடுப்பு ஒடிஞ்சு கிடந்தேன், அந்த ஜன்னல் ஓரமா.
படுத்தபடியே பூ தெரியணும்னு
இவ்வளவு உயரம்."

உள்ளே போய்விட்டாள்.
இனிக் கூப்பிட மாட்டாள் என்று
கருவிகளைச் சாக்கில் கட்டத் தொடங்கினேன்.
ரப்பர் பூட்ஸும் மண்வெட்டியுமாக வந்தாள்.
"செடி எவ்வளவு தள்ளிப் போகணும்?"
"ஒரு மீட்டர். மண்ணையும் தரை மட்டத்துக்குக் கீழ இறக்கணும்."
"அப்ப கட்டில்லேர்ந்து தெரியாது."
ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தாள்.
"எழுந்து நின்னா தெரியும்ல."

வேர்கள் கல்லிடுக்கில் புகுந்திருந்தன.
இழுத்தபோது கொஞ்சம் சுவரும் கூட வந்தது.

சிமென்டைக் கொத்தி எடுக்க ஒன்பது நாள்.
நீற்றிய சுண்ணாம்பு, மணல், ஆட்டு ரோமம்
பிசைந்து பூசினேன்.
"எப்போ காயும்?" என்றதற்கு
அங்குலத்துக்கு ஒரு மாதம் என்றேன்.
சுவரின் தடிமனை அவளே அளந்தாள்:
இருபத்திரண்டு.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
ஸ்டேஷனரிக் கடைக்குப் போய்
அடுத்த வருட நாட்காட்டி வாங்கி வந்தாள்.

இப்போதும் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்,
வணக்கமில்லாமல், எண் மட்டும்.
ஒன்றே முக்கால்.
ஒன்றே கால்.
ஏப்ரல் கடைசியில், முக்கால்.
இன்று காலை:
இரண்டரை. வீட்டுக்குள்ள துணி காயப்போட்டேன்.
சுவரைக் குத்தம் சொல்லாதே.